பிரித்தானியத் தொழில் தீர்ப்பாயம்: வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு எந்த அளவு உதவுகிறது?

பிரித்தானியாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், சட்டத்தரணி வைக்காமலும் ஒரு பென்னிகூடக் கட்டணம் செலுத்தாமலும், தன்னை நீக்கிய நிறுவனத்தை ஒரு நீதிபதியின் முன் நிறுத்திக் காரணம் கேட்க முடியும். அதற்கான இடம் தொழில் தீர்ப்பாயம். நம்மவர்கள் ‘ட்ரைபியூனல்’ என்றே சொல்வார்கள். தொழிற்சங்கக் கிளைப் பிரதிநிதி என்ற முறையில், வேலையிடத்து ஒழுங்கு விசாரணைகளில் துணையாக அமர்ந்து, பின்பு அதே ஆட்களுடன் தீர்ப்பாயம் வரை சென்று வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் தரத்தில் இந்தச் சேவை உயர்வானது, வேகத்தில் மிகவும் பின்தங்கியது, நாள் தவறி வருபவரிடம் சிறிதும் இரக்கம் காட்டாதது.

கட்டணம் இல்லை என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013 ஜூலை முதல் நியாயமற்ற பணிநீக்க வழக்கு ஒன்றுக்கு, மனுவுக்கு 250 பவுண், விசாரணைக்கு 950 பவுண் என மொத்தம் 1,200 பவுண் கேட்டார்கள். வேலையை இழந்து வாடகைக்கே வழியில்லாமல் நிற்பவரிடம் கேட்ட தொகை அது. வழக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப் போனது. யூனிசன் தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பயனாக, 2017 ஜூலையில் அந்தக் கட்டணம் சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. வாங்கிய பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இன்று ஒருவர் இலவசமாக மனுப் போடுகிறார் என்றால், அதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

தீர்ப்பாயத்துக்கு நேரே போய்விட முடியாது. முதலில் ஏகாஸ் என்ற பொது அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். ‘முன்கூட்டிய சமரசம்’ என்னும் இந்தப் படி 2014 மே மாதத்திலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. இணையத்தில் சிறு படிவத்தை நிரப்பினால் போதும். ஒரு சமரச அலுவலர் தொலைபேசியில் அழைத்து, நம் பக்கத்தைக் கேட்டு, அதை நிறுவனத்திடம் எடுத்துச் சொல்வார். அவர் யார் பக்கமும் சாய மாட்டார், “உங்கள் வழக்கு வெல்லுமா?” என்று எத்தனை முறை கேட்டாலும் பதில் வராது. இதைப் பலர் அலட்சியம் என்று எண்ணி மனம் நோகிறார்கள். அது அவருடைய கடமையின் எல்லை. வழக்கின் பலத்தை அறிய விரும்புபவர் தொழிற்சங்கத்தையோ, சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தையோ, வட்டாரத்தில் உள்ள சட்ட மையத்தையோதான் நாட வேண்டும். வீட்டுக் காப்புறுதியில் சட்டச் செலவுக்கான பகுதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. இருப்பதே தெரியாமல் ஆண்டுதோறும் பணம் கட்டி வருபவர்கள் பலர்.

இந்தச் சேவையில் மிக அதிகமானோர் விழுந்துபோகும் இடம் காலக்கெடு. வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகக் கணக்கிட வேண்டும். ஜூன் 10-ஆம் தேதி நீக்கப்பட்டவர் செப்டம்பர் 9-ஆம் தேதிக்குள் ஏகாஸிடம் அறிவித்திருக்க வேண்டும். 10-ஆம் தேதி அறிவித்தால் கதவு மூடிவிட்டது. நிறுவனத்துக்குள் மேன்முறையீடு செய்திருந்தால் அதன் முடிவு வரும் வரை நாள் ஓடாது என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மேன்முறையீட்டுக் கூட்டத்தை இரண்டு தடவை ஒத்திவைத்து, பதிலையும் தாமதித்து, மூன்று மாதம் கடந்த பின் “உங்கள் மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது” என்று கடிதம் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. அந்தக் கடிதத்துடன் வந்தவர்களிடம் வழக்குப் போட இனி வழியில்லை என்று சொல்ல நேர்ந்ததுதான் இந்தப் பணியில் எனக்கு மிகவும் வேதனை தந்த வேலை. குறித்த காலத்துக்குள் மனுச் செய்வது நியாயமான அளவில் சாத்தியமாக இருக்கவில்லை என்று நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் சட்டம் தெரியாது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி அதைப் பெறுவது மிகக் கடினம்.

ஏகாஸிடம் உரிய காலத்தில் அறிவித்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். சமரசத்துக்கான காலம் முன்பு ஆறு வாரமாக இருந்தது; 2025 டிசம்பர் 1 முதல் பன்னிரண்டு வாரமாக நீட்டப்பட்டிருக்கிறது. பேச்சு முறிந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள்; அதிலுள்ள எண் இல்லாமல் தீர்ப்பாயம் மனுவை ஏற்காது. உடன்பாடு ஏற்பட்டால், ஏகாஸ் எழுதும் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அந்த ஒப்பந்தத்தில் பணத்துடன் சேர்த்து, அடுத்த வேலைக்குத் தேவையான நற்சான்றுக் கடிதத்தின் வாசகத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். தீர்ப்பாயத்தில் வென்றால்கூடக் கிடைக்காத ஒன்று இது. ஆகவே சமரசப் படியைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிச் செல்வதை நான் ஆதரிப்பதில்லை.

அடுத்து மனு. இதில் பணிநீக்கம் தொடர்பான இரண்டு உரிமைகள் தனித்தனியாக நிற்கின்றன. இரண்டையும் பிரித்தறியாததால் கைக்கு வர வேண்டிய பணத்தை விட்டுவிடுபவர்கள் ஏராளம். நியாயமற்ற பணிநீக்கம் என்பது 1996-ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டம் தரும் உரிமை. நிறுவனம் சொல்லும் காரணம் திறமைக் குறைவு, நடத்தை, ஆட்குறைப்பு, சட்டத் தடை, அல்லது கனமான வேறு காரணம் என்ற ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்காக நீக்கியதும், நீக்கிய முறையும் நியாயமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறிய பணிநீக்கம் என்பதோ வேறு; அங்கே கேள்வி ஒன்றுதான்: தர வேண்டிய முன்னறிவிப்புக் காலத்தைத் தந்தார்களா, அல்லது அதற்குரிய சம்பளத்தைத் தந்தார்களா? ஒரு மாதம் வேலை செய்தவருக்கு ஒரு வாரம், இரண்டு ஆண்டு முடித்தவருக்கு இரண்டு வாரம், அதன் பின் முழு ஆண்டுக்கு ஒரு வாரம் வீதம் பன்னிரண்டு வாரம் வரை, சட்டப்படி குறைந்தபட்ச முன்னறிவிப்பு உண்டு. ஒப்பந்தத்தில் அதைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் அதுவே பொருந்தும்.

என் நினைவில் தெளிவாக நிற்கும் வழக்கு, ஒரு பெற்றோல் நிலையத்தில் எட்டு ஆண்டுகள் இரவு வேலை பார்த்த அண்ணர் ஒருவருடையது. வயது ஐம்பத்திரண்டு, வாரச் சம்பளம் 480 பவுண். பணப்பெட்டியில் காசு குறைகிறது என்று சொல்லி, பாரதூரமான ஒழுங்கீனம் என்ற பெயரில், முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். விற்பனை எதுவும் பதியாமல் பணப்பெட்டி திறக்கப்பட்ட நேரங்களைப் பட்டியலிட்ட ஒரு தாள்தான் அவர்களுடைய ஆதாரம். அந்தத் தாளில் எல்லாத் திறப்புகளுக்கும் எதிரே, பணப்பெட்டியைத் திறக்க அவர் பயன்படுத்தும் எண்ணே இருந்தது. ஆனால் அந்த எண்ணை அதே வேலைநேரத்தில் வேலை செய்த வேறு இருவரும் பயன்படுத்தி வந்தார்கள் என்பது முகாமையாளருக்கே தெரியும். புதிதாக வந்தவர்களுக்குத் தனி எண் போட்டுக் கொடுக்க யாரும் நேரம் ஒதுக்கவில்லை. கமராப் பதிவில் அவர் காசு எடுப்பது தெரிகிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்தப் பதிவை அவருக்குக் காட்டவில்லை. கேட்டபோது, பழைய பதிவுகள் தானாக அழிந்துவிட்டன என்றார்கள். குற்றம் சாட்டியவர், விசாரித்தவர், நீக்கியவர் மூவரும் ஒரே ஆள்.

இந்த ஒரே நிகழ்வை நீதிபதி இரண்டு விதமாகப் பார்த்தார். நியாயமற்ற பணிநீக்கம் என்ற பகுதியில், அவர் உண்மையில் காசு எடுத்தாரா என்பது கேள்வியே அல்ல. 1978-ஆம் ஆண்டின் பர்ச்சல் தீர்ப்பு வகுத்த அளவுகோலின்படி, எடுத்தார் என்று நிறுவனம் நேர்மையாக நம்பியதா, அந்த நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை இருந்ததா, தக்க விசாரணை நடந்ததா என்பவையே கேள்விகள். நியாயமான முதலாளிகளில் ஒருவர் நீக்கியிருப்பார், இன்னொருவர் எச்சரிக்கையுடன் விட்டிருப்பார் என்றால், நீக்கியதும் சட்டத்துக்கு உட்பட்டதே. “நான் எடுக்கவே இல்லை” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் நம்மவர்கள் இந்தப் பகுதியில் தோற்பதற்குக் காரணம் இதுதான். விசாரணையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்ட வேண்டும். பகிர்ந்து பயன்படுத்திய எண்ணும், காட்டப்படாத கமராப் பதிவும், ஒரே ஆள் மூன்று வேடம் கட்டியதும் அங்கேதான் பயன்பட்டன.

முன்னறிவிப்புச் சம்பளம் என்ற பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே நம்பிக்கை போதாது. ஒழுங்கீனம் நடக்காததைவிட உண்மையிலேயே நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. எட்டு வாரச் சம்பளம், அதாவது வரிக்கு முந்திய கணக்கில் 3,840 பவுண், அந்தப் பகுதியில் தீர்ப்பானது. இரண்டு பகுதிகளிலும் அவர் வென்றார். ஆனால் முதல் பகுதியில் தோற்றிருந்தாலும் இரண்டாம் பகுதியில் வென்றிருக்க முடியும் என்பதை மனுப் போடுபவர்கள் உணர வேண்டும். மனுப் படிவத்தில் ‘நியாயமற்ற பணிநீக்கம்’ என்ற கட்டத்தை மட்டும் குறித்துவிட்டு, முன்னறிவிப்புச் சம்பளத்துக்கான கட்டத்தை வெறுமனே விடுவது இதனால்தான் பெரிய இழப்பு. நியாயமற்ற பணிநீக்கத்துக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு சேவை வேண்டும். கர்ப்பம், முறைகேட்டை வெளிப்படுத்தியது, தொழிற்சங்கச் செயற்பாடு போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவருக்கு அந்த நிபந்தனை இல்லை. முன்னறிவிப்புச் சம்பளத்துக்கோ ஒருபோதும் அது தேவைப்படுவதில்லை.

முன்னறிவிப்புச் சம்பளம் கேட்கும் இந்த ஒப்பந்த மீறல் வழக்குக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தீர்ப்பாயம் அதற்கு 25,000 பவுணுக்கு மேல் தர முடியாது. பெரிய சம்பளக்காரர் ஆறு ஆண்டுக் காலக்கெடு உள்ள சிவில் நீதிமன்றத்துக்குப் போவதே சரி. மேலும், இந்த வழக்கை நாம் போட்டால், ஒப்பந்தப்படி நாம் தர வேண்டியது ஏதும் உண்டு என்று நிறுவனம் எதிர்வழக்குப் போடவும் வழி திறக்கிறது. கடனாக வாங்கிய முற்பணமோ, பயிற்சிச் செலவு ஒப்பந்தமோ நிலுவையில் இருப்பவர் இதை யோசித்துச் செய்ய வேண்டும்.

மனுப் படிவம் தெளிவானது, இணையத்தில் நிரப்பலாம். நிறுவனத்தின் பெயரில் மட்டும் மிகக் கவனம் தேவை. பெற்றோல் நிலையத்தின் பலகையில் ஒளிரும் பெயர் முதலாளியின் பெயர் அல்ல. சம்பளச் சீட்டில் அச்சிட்டிருக்கும் கம்பனியே முதலாளி. அதே பெயர் ஏகாஸ் சான்றிதழிலும் இருக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும்; தீர்ப்பாயம் தன் செலவில் ஏற்பாடு செய்யும். ஆங்கிலம் ஓரளவு பேசுகிறோமே என்று கூச்சப்பட்டு இதைத் தவிர்க்கிறவர்கள், குறுக்கு விசாரணையில் வரும் இரட்டை எதிர்மறைக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று சொல்லிச் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நிறுவனம் 28 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதன் பிறகு வருவது காத்திருப்பு. பல நாள் நீடிக்கும் விசாரணைக்கு ஓர் ஆண்டைத் தாண்டிக் காத்திருப்பது லண்டனில் வழமையாகிவிட்டது. இதுவே இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை. சாட்சிகள் வேலை மாறிப் போகிறார்கள், நினைவு மங்குகிறது, வழக்காளியின் குடும்பம் அந்தப் பழைய காயத்தோடேயே காலம் தள்ளுகிறது. வசதி உள்ள நிறுவனத்துக்குத் தாமதம் ஒரு சுமையே அல்ல என்பதால், களைத்துப்போய்க் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்பவர் எப்போதும் தொழிலாளியாகவே இருக்கிறார். போதிய நீதிபதிகளையும் அலுவலர்களையும் நியமிக்காமல் உரிமைகளை மட்டும் சட்டப் புத்தகத்தில் கூட்டிக்கொண்டு போவது எந்த அரசுக்கும் அழகல்ல. அந்த இடைக்காலத்தில் வேறு வேலை தேடிய ஒவ்வொரு விண்ணப்பத்தையும், வந்த மறுப்புகளையும் சேர்த்து வைக்க வேண்டும். இழப்பைக் குறைக்க முயன்றாரா என்று நீதிபதி கட்டாயம் பார்ப்பார்.

விசாரணை நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லதே அதிகம். லண்டனின் மிட்சம், டூட்டிங் பக்கத்தவர்களுக்குக் குறொய்டனிலும், ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்தவர்களுக்கு ஈஸ்ட் இந்தியா டொக் அருகிலும், ஹரோ, வெம்பிளிக்காரர்களுக்கு வொட்ஃபோர்டிலும் பெரும்பாலும் வழக்கு நடக்கும். காணொளி வழியே நடப்பதும் உண்டு. பெரிய நீதிமன்றத்தின் மிடுக்கு எதுவும் அங்கே இல்லை. அங்கியும் பொய்முடியும் இல்லாத நீதிபதி, அலுவலகக் கூட்ட அறை போன்ற ஓர் அறை, பக்க எண்ணிட்ட ஆவணத் தொகுப்பு. பகவத்கீதையின் மேல் சத்தியம் செய்யலாம். மத நூல் எதுவும் இல்லாமல் உறுதிமொழியும் கூறலாம். பெற்றோல் நிலைய வழக்கில், நிறுவனத்தின் பாரிஸ்டர் மூன்று பக்கங்களுக்கிடையே வேகமாகத் தாவியபோது நீதிபதி அவரை நிறுத்தி, “சாட்சி அந்தப் பக்கத்தை வாசித்து முடிக்கட்டும்” என்றார். மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை அறை அமைதியாகக் காத்திருந்தது. சட்டத்தரணி இல்லாதவரைச் சமமாக நடத்த வேண்டும் என்ற விதி ஏட்டோடு நிற்காமல் அங்கே நடைமுறையில் இருப்பதை நான் மறுபடி மறுபடி கண்டிருக்கிறேன். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்ட வேண்டுமோ என்ற அச்சமும் பெரும்பாலும் தேவையற்றது. பொறுப்பற்ற முறையில் வழக்கை நடத்தினால் மட்டுமே பொதுவாக அப்படி உத்தரவு வரும்.

வென்ற பின் கிடைக்கும் தொகையைப் பற்றி அளவுக்கு மீறிய கற்பனை வேண்டாம். அடிப்படைத் தொகை, வயதையும் சேவை ஆண்டுகளையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த அண்ணருக்கு எட்டு ஆண்டும் நாற்பத்தொரு வயதுக்குப் பிற்பட்டவை என்பதால் ஆண்டுக்கு ஒன்றரை வாரம் வீதம் பன்னிரண்டு வாரம், ஆக 5,760 பவுண். அதற்கு மேல் உண்மையான சம்பள இழப்புக்கு ஈடு உண்டு. 2025 ஏப்ரல் கணக்கில் அதன் உச்சவரம்பு 118,223 பவுண் அல்லது ஓர் ஆண்டுச் சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. விரைவில் வேறு வேலை கிடைத்தவருக்கு இந்தத் தொகை சிறியதாகவே இருக்கும். முறையாக விசாரித்திருந்தாலும் நீக்கியிருப்பார்கள் என்று தோன்றினால், 1987-இன் போல்கி தீர்ப்பைக் காட்டி நீதிபதி தொகையைக் குறைப்பார். ஏகாஸின் ஒழுங்கு நடவடிக்கை நெறிமுறையை நிறுவனம் காரணமின்றி மீறியிருந்தால் 25 சதவீதம் வரை கூட்டுவார். தொழிலாளி மீறியிருந்தால் அதே அளவு குறையும். ஆகவே நிறுவனத்துக்குள் மேன்முறையீடு செய்யாமல் கோபத்தில் விலகி வருவது நல்லதல்ல. யூனிவர்சல் கிரெடிட் என்னும் அரச உதவித்தொகை வாங்கியிருந்தால், தீர்ப்பாயம் தரும் சம்பள இழப்புத் தொகையிலிருந்து அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சமரசமாகப் பெற்ற தொகையில் அப்படி எடுப்பதில்லை. பேரம் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

தீர்ப்பு வந்தும் பணம் வராமல் இருப்பது இன்னொரு கொடுமை. அரசின் வர்த்தகத் துறை 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தொகை தீர்ப்பானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மட்டுமே முழுப் பணமும் கிடைத்திருந்தது. சிறு கம்பனியை மூடிவிட்டு வேறு பெயரில் அதே கடையைத் திறப்பவர்களிடம் வசூலிப்பது எளிதல்ல. நீதிமன்ற அமலாக்க அதிகாரிகள் மூலம் வசூலிக்கும் விரைவு வழி இருக்கிறது. ஆனால் அதையும் வென்றவரே தேடிப் போய்ச் செய்ய வேண்டியிருக்கிறது. தீர்ப்பைத் தந்த அமைப்பே அதை நிறைவேற்றித் தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2025 டிசம்பர் 18 அன்று அரச ஒப்புதல் பெற்ற புதிய வேலை உரிமைகள் சட்டத்தின்படி, நியாயமற்ற பணிநீக்க வழக்குக்கான இரண்டு ஆண்டுத் தகுதிக்காலம் 2027 ஜனவரி 1 முதல் ஆறு மாதமாகக் குறைகிறது; இழப்பீட்டின் உச்சவரம்பும் நீங்குகிறது. மனுச் செய்வதற்கான மூன்று மாதக் கெடுவை ஆறு மாதமாக்கவும் அதே சட்டம் இடமளிக்கிறது. அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று ஏகாஸ் தளத்தில் பார்த்து உறுதிசெய்யும் வரை, நீக்கப்பட்டவர் மூன்று மாதக் கணக்கையே வைத்துக்கொண்டு, நீக்கக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே ஏகாஸ் படிவத்தை அனுப்பிவிடட்டும். நிறுவனத்துக்குள் செய்யும் மேன்முறையீடு அதன் பாட்டுக்கு நடக்கலாம்.